நாலு நொடித் தீக்கு ஒரு லென்ஸ்

திண்டிவனத்தில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. இருபது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அடுத்த வீட்டுப் பெண்களை எல்லாம் அழகழகாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். அந்த வழியில் பார்த்தால் போட்டோகிராபர் பெண்டாட்டிக்கு ஆதார் அட்டைப் படம்தான். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு என் மனைவியை நான் ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. கேட்டால் "சீசன் முடியட்டும்" என்பேன். சீசன் முடிந்ததும் "லைட்டு சரியில்ல" என்பேன்.

போன வருடம் எங்கள் சின்ன மகள் காய்ச்சலில் விழுந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று மனைவி தன் பிறந்த ஊர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து, இப்போது டிவி ரிமோட்டுக்காக அக்காளின் முடியைப் பிடித்து இழுக்கிறாள். வேண்டுதலை முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஏங்க, ஒரே ஒரு தடவதான் எறங்கப் போறேன்" என்றாள். "அப்ப ஒரு போட்டோ புடிச்சிக் குடுங்க. நாளைக்கிப் பசங்களுக்குக் காட்டணும். என் மூஞ்சி தெரியணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்னிடம் பழைய கேமரா ஒன்று இருந்தது. அதைக் கொண்டே அந்த வட்டாரத்தில் எத்தனையோ தீமிதி எடுத்திருக்கிறேன். தீக்குழியின் ஓரத்தில், பாதித் தூரத்தில் ஒரு செங்கல்லை வைத்து, அதில் போகஸை நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கிக்கொண்டு காத்திருப்பேன். ஆள் செங்கல்லுக்கு நேராக வந்ததும் ஒரு அழுத்து. பத்துக்கு எட்டு தேறும். அந்தப் பழைய பாடி, அதாவது லென்ஸைக் கழற்றினால் மிஞ்சும் கேமராப் பெட்டி, நொடிக்கு ஐந்து படம் எடுக்கும். மனுஷன் தீயில் நடக்க அது தாராளம். ஆனால் எனக்குத்தான் ஒரு நோய் வந்திருந்தது. புது கேமரா வாங்க நல்ல சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மன் கொண்டுவந்து கொடுத்தாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நோயை எனக்கு ஒட்டவைத்தவன் விழுப்புரத்து நண்பன். அவனும் ஸ்டுடியோக்காரன். ஞாயிற்றுக்கிழமையானால் கழுவெளி ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பான். பெரும்பாலும் கொக்குதான். கொக்கு என்கிற ஜீவன் அரை மணி நேரம் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும். அதை இவன் நொடிக்கு முப்பது படம் எடுப்பான். வீட்டுக்கு வந்து அதில் அறுபதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எது பெஸ்ட்டு, சொல்லு மச்சான்" என்பான். எல்லாம் ஒரே படம்தான். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பதினாலாவது நல்லா இருக்கு" என்பேன்.

தீமிதி என்று சொன்னதும் அவனுக்கு அருள் வந்துவிட்டது. "மச்சான், ஓடுற பொருளு, பொகை, சாயங்கால லைட்டு. மூணும் சேந்துக்கினா சாதாரண பாடி படுத்துரும். அப்பறம் நீ குந்திக்கினு அழுவணும்" என்றான். அன்றிலிருந்து ஒரு மாதம் எங்களுக்கு வேறு பேச்சில்லை. பாடி முக்கியமா, லென்ஸ் முக்கியமா? திங்கட்கிழமை, "பாடி வருசா வருசம் மாறும், லென்ஸுதான் சொத்து" என்பான். புதன்கிழமை, "நல்ல பாடி இல்லன்னா லென்ஸ வெச்சிக்கினு பூதக்கண்ணாடி வியாபாரமா பண்ணப் போற?" என்பான். இரண்டு நாளும் நான் தலையாட்டினேன். அவன் ஒரு கேமராக் கம்பெனியின் கட்சி, நான் இன்னொரு கம்பெனியின் கட்சி. தேர்தல் நேரத்தில்கூட நாங்கள் இப்படிக் கத்தியதில்லை. டீக்கடைக்காரர் ஒருநாள், "யாரு பாடிய எடுக்கப் போறீங்க? எப்ப எடுக்கறாங்க?" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விசாரித்தார்.

கடைசியில் வாங்கினேன். நொடிக்கு இருபது படம் எடுக்கும் பாடி. எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை போகிற ஜூம் லென்ஸ், அரையிருட்டிலும் வெளிச்சத்தை வாரி உள்ளே இழுக்கிற வகை. இதற்கெல்லாம் மேல், மனுஷக் கண்ணைத் தானே தேடிப் பிடித்துப் பச்சைப் பெட்டி போடுகிற வித்தை. பச்சைப் பெட்டி விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம் என்று யூடியூபில் ஒரு மேதாவி சொல்லியிருந்தார். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தப் போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

மனைவி அந்த லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலு நொடி நடக்கறதுக்கா இம்மாம் பெருசு?" என்றாள்.

"நாலு நொடின்றதாலதான் இம்மாம் பெருசு" என்றேன். பதில் எனக்கே பிடித்துப்போய், அதை நண்பனுக்கும் அனுப்பினேன்.

அவள் காப்புக் கட்டிக்கொண்டு பத்து நாள் விரதம் இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை. நானும் வீட்டில் சுத்தமாக இருப்பதாகப் பேர். வெளியே, கல்யாண ஆர்டருக்குப் போன இடத்தில் பிரியாணியைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பத்து நாளும் புது கேமராவைச் சோதித்தபடி திரிந்தேன். தெருநாய், கோழி, ஷேர் ஆட்டோ என்று ஒன்றையும் விடவில்லை. பைபாஸில் நின்று சென்னை பஸ்ஸை எடுத்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ்ஸுக்குள் டிரைவரின் கண்ணைக் கேமரா கண்டுபிடித்துவிட்டது. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கொட்டாவியின் ஒன்பது கட்டங்களும் துல்லியமாக என்னிடம் இருக்கின்றன. மனைவியை நடக்கச் சொல்லி ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே!

தீமிதிக்கு அவள் பிறந்த ஊருக்குப் போனோம். தீக்குழி முடிகிற பக்கம், கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்திருக்கும் சின்னக் குழிக்கும் பின்னால், ஒரு டிராக்டர் டிப்பர்மேல் ஏறி நின்றேன். நல்ல இடம். இறங்குகிறவர்கள் நேராக என்னை நோக்கி வருவார்கள். அவர்கள் இறங்கும் முனைக்குப் பின்னால் கட்சிப் பிரமுகர் ஒருவரின் பிளெக்ஸ் இருந்தது. கோபுரத்தைவிட நான்கு அடி உயரம். பக்தகோடிகளை வருக வருக என்று கையெடுத்துக் கும்பிடும் பெரிய தலை ஒன்று, அதன் காலடியில் தபால்தலை அளவில் முப்பது நாற்பது குட்டித் தலைகள். எந்தக் கோயிலில் இல்லாத பிளெக்ஸ்? நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பறை அடிக்கத் தொடங்கியது. பூங்கரகம் முதலில் இறங்கிப் போனது. பிறகு ஆண்கள், அப்புறம் பெண்கள். மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையும் முகம் நிறைய மஞ்சளுமாக என் மனைவி முனையில் வந்து நின்றாள். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். பச்சைப் பெட்டி டக்கென்று விழுந்தது. அழுத்தினேன். விட்டு விட்டு எடுக்கிற சத்தமே இல்லை, ஒரே இழுப்பு. புகை கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, அதனால்தான் அவள் மங்கலாகத் தெரிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி பச்சையாகத்தான் இருந்தது. அவள் பால்குழியில் கால் வைத்ததும் விரலை எடுத்தேன். எண்பத்து மூன்று படம். ஒரு இடத்தில்கூட மெஷின் திணறவில்லை. "அடி சக்கை!" என்று வாய்விட்டே சொன்னேன்.

டிப்பரைவிட்டு இறங்காமலே திருப்பிப் பார்த்தேன். எண்பத்து மூன்று படத்திலும் பிரமுகர் பளிச்சென்று இருந்தார். மீசைக்குச் சாயம் அடித்ததில் தோலில் இறங்கிய கறைகூடத் தெரிந்தது. காலடியில் இருந்த குட்டித் தலைகளில் யார் யாருக்கு மூக்குக்கண்ணாடி என்று எண்ணிச் சொல்லலாம். அவருக்கு முன்னால் மஞ்சளாக ஏதோ ஒன்று கலங்கிக் கலங்கி வந்தது. அது என் மனைவி. புகையில் அலைந்து, மஞ்சள் பூசி, முடி கலைந்து வருகிற முகத்தைவிட, அசையாமல் சிரித்தபடி நிற்கும் பெரிய முகம் கேமராவுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

நண்பனுக்கு போன் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் போட்டோக்கார ஜாதிக்கு எப்போதும் லென்ஸ்தான் கோணல். அவன் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "லென்ஸு மேல தப்பில்ல மச்சான். உன் வீட்டம்மா மூஞ்சிய முன்னாடியே கேமராவுல பதிஞ்சி வெச்சிருக்கணும். இவங்கதான் முக்கியம்னு நீ சொல்லிக் குடுத்தா, கூட்டத்துல அவங்கள மட்டும் தேடிப் புடிக்கும். மெனுவுல இருக்குதே, பாக்கலியா?" என்றான். பார்த்திருந்தேன். அதில் என் முகத்தைத்தான் பதிந்து வைத்திருந்தேன்.

அவனே ஒரு வைத்தியமும் சொன்னான். மங்கிய படத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. சாப்ட்வேர் இருக்கிறதாம். அன்று ராத்திரி மாமியார் வீட்டில் உட்கார்ந்து, இருப்பதில் சுமாரான ஒரு படத்தை அதற்குள் போட்டேன். மஞ்சள் புடவையில், பவுடர் பூசி, பல்வரிசை தெரியச் சிரித்தபடி ஒரு வடநாட்டு அம்மணி தீயில் நடந்து வந்தாள். மூக்குத்தி இடம் மாறியிருந்தது. அவசரத்தில் அதை வீட்டுக்காரியிடம் காட்டியும்விட்டேன்.

"யாரு இவ?" என்றாள்.

பிறகு எண்பத்து மூன்றையும் அவளே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். கேமராவைத் துணியில் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

நொண்டலை அப்போதுதான் பார்த்தேன். இடது பாதத்தில் பெரிய கொப்புளம்.

எங்கள் பக்கத்தில் தீமிதியில் கால் சுட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விரதத்தில் குறை, ஆள் சுத்தமில்லை. அன்று அறுபது எழுபது பேர் இறங்கினார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. திண்டிவனத்துக்கு வந்த மறுநாளே தெருவில் ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாடி, காலு சுட்டுக்கிச்சாமே? வெரதத்துல எதனா தவறிட்டியா?" என்று ஒருத்தி தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேட்டாள். இன்னொருத்தி கேட்காமலே உச்சுக் கொட்டினாள். பத்து நாள் பட்டினி கிடந்தவளுக்கு இந்தப் பேர்.

பிரியாணி தின்றவன் நான், கொப்புளம் அவளுக்கா என்று உள்ளுக்குள் ஒரு பயம் எனக்கு. அந்தப் பயத்தை மறைத்துக்கொண்டு, வெட்கம் கெட்டவன், நானும் கேட்டேன். "ஏம்மா, வெரதம் ஒழுங்காத்தான இருந்த?"

அவள் காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நடுவுல நின்னுட்டேன். பாக்கலியா நீங்க?"

"நின்னியா? எங்க?"

"பாதி தூரத்துல. பின்னால வந்த அக்கா முதுகுல கைய வெச்சித் தள்ளுனாங்க. அப்பறம்தான் காலு நவுந்திச்சி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எண்பத்து மூன்று படம் எடுத்தவன் நான், எனக்குத் தெரியாமலா? கேமராவை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முப்பத்தெட்டாவது படத்தில் அவள் தலை, பிரமுகரின் கூப்பிய கைக்கு நேராக இருந்தது. முப்பத்தொன்பதில் அங்கேயே. நாற்பதில் அங்கேயே. நாற்பத்தெட்டு வரைக்கும் அங்கேயேதான். பதினோரு படம். நொடிக்கு இருபது என்றால் அரை நொடிக்கும் மேல். தணல்மேல், வெறுங்காலோடு. அவள் நின்றதைக் கேமரா எண்ணி வைத்திருந்தது. அதற்குப் பின்னால் கண்ணை வைத்திருந்த நான் பார்க்கவில்லை. பச்சைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு நின்ன?" என்றேன்.

"காலையில நீங்கதான சொன்னீங்க? குழில எறங்குனதும் கேமராவப் பாரு, அப்பதான் கண்ணு புடிக்கும்னு. தேடுனேன். ஒரே பொகை. நீங்க எங்க நிக்கிறீங்கன்னே தெரியல."

சொல்லியிருந்தேன். கல்யாணப் பெண்ணிடம், காதுகுத்துக் குழந்தையிடம், எல்லாரிடமும் சொல்வதுபோல, அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன். அதை அவள் தீக்குள் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். அந்த லென்ஸைத் தூக்கிப் போய் ஊர்க் குளத்தில் வீசலாம் போல இருந்தது. என்னையும் சேர்த்து.

கொப்புளம் ஆறிவிட்டது. பேர் ஆறவில்லை. இப்போதும் தெருவில் யாராவது காலைப் பற்றிக் கேட்டால், "இன்னாமோ, என் வெரதத்துலதான் எதனா கொற இருந்திருக்கும்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட நான் வாயைத் திறந்ததில்லை.