பாலத்துக்குள் பனி போட்டவன்

ஊரே பனியை அள்ளி வெளியே கொட்டும்போது, ஹாலிஸ் டூக்ஸ்பரி மட்டும் அள்ளி உள்ளே கொட்டுவான். பைத்தியம் இல்லை, ஊர் நிர்வாகம் கொடுத்த வேலை. வெர்மாண்ட் மலையில், எங்கள் ஆற்றின் மேல் இருப்பது கூரை போட்ட மரப்பாலம். இன்றைக்கும் பள்ளிக்கூட பஸ் அதில்தான் போகிறது. கூரை இருப்பதால் உள்ளே பனி விழாது. அந்தக் காலத்தில் பாதி ஊருக்குக் குதிரை இழுக்கும் சறுக்குவண்டிதான். வெறும் பலகையில் அது நகராது. அதனால் பாலத்துக்குள் பனி பரப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சக்கரம் வழுக்குகிறது என்று கார்க்காரர்கள் திட்டினார்கள். பனி போதவில்லை என்று சறுக்குவண்டிக்காரர்கள் திட்டினார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டும் அவன் அந்த வேலையை விடவில்லை. காரணம் அல்மைரா. புருஷனை இழந்தவள். தினமும் காலையில் பால் கேன்களோடு சறுக்குவண்டியில் வந்து, பாலத்தின் நடுவில் குதிரையை நிறுத்துவாள்.

"என்ன ஹாலிஸ், பனி போட்டிருக்கியா, சர்க்கரை தூவியிருக்கியா?"

"உன் குதிரைக்கு வயசாயிடுச்சு. என் பனியை ஏன் குறை சொல்ற?"

அவ்வளவுதான் பேச்சு. அதை வைத்தே அவனுக்குப் பொழுது ஓடிவிடும். மேற்கொண்டு பேச நாக்கு எழாது. நாற்பதைத் தாண்டியும் அப்படி ஒரு கூச்சம். பார்க்கிற நமக்குத்தான் எரிச்சல்.

ஒரு பிப்ரவரியில் அவள் சொன்னாள்: "லாரி வாங்கிட்டேன். திங்கக்கிழமை வருது. இனிமே உன் பனி எனக்கு வேண்டாம்."

ஹாலிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி அவள் எதற்கு நிற்கப்போகிறாள்? அவள் லாரி வழுக்காமல் போகட்டும், கடைசியாக ஒரு நல்லதாவது செய்வோம் என்று, திங்கட்கிழமை விடிந்ததும் பாலத்தைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டான். அடுத்து வந்த கிளிஃபர்டின் விறகு ஏற்றிய சறுக்குவண்டி நுழைந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது.

"யோவ், மூளை கலங்கிடுச்சா உனக்கு?"

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த லாரி, பாலத்தின் நடுவில் நின்றது. அல்மைரா இறங்கி, வெறும் பலகையைப் பார்த்தாள், விறகுவண்டியைப் பார்த்தாள்.

"எனக்காகவா பெருக்கின?"

ஹாலிஸ் தலையாட்டினான்.

"மக்கு! இத்தனை பனி போட்ட பாலத்துல என் வண்டி நிக்கவே வேண்டியதில்ல. இவ்வளவு வருஷமா நான் எதுக்கு நின்னேன்னு நெனச்ச? என்னைக் கட்டிக்கிறியா?"

ஹாலிஸ் துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"சட்டுனு சரின்னு சொல்லித் தொலைய்யா," என்றான் கிளிஃபர்ட். "என் குதிரை நிக்கமாட்டேங்குது."

"சரி," என்றான் ஹாலிஸ். சொல்லிவிட்டு அழுதான்.

அல்மைரா லாரியைப் பின்னுக்கு எடுத்து ஓரங்கட்டினாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு மண்வாரியோடு, பனியை மறுபடி உள்ளே அள்ளிப் போட ஆரம்பித்தார்கள்.