டிக்கெட்டின் ஓரம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே உட்காரும் அவர், வெளிநாட்டுக்குப் போகும் கோல்ஃப் மட்டைகளின் இரும்புத் தலையைச் சாணை பிடிப்பவர். இடது கையில் இரண்டு விரல் பாதிதான். வலது கட்டைவிரல் எந்நேரமும் டிக்கெட் அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும்.

“பெரிய ஆட்டக்காரங்க மட்டையும் கடையில விக்கிறதும் ஒண்ணாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இன்னா நைனா, கடையில தொங்குற சட்டையும் அளவெடுத்துத் தச்சதும் ஒண்ணா? கடைச் சரக்கை மிஷினே முடிச்சிடும். அவங்களுத நான் கையுறை போடாம, விரலால தடவிப் பாத்துக்கினே தேய்க்கணும்.”

குரலைத் தாழ்த்தினார். “இப்ப விரல் மரத்துக்கினு வருது. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவான். உன் டிக்கெட்டக் குடு. ரெண்டுல, ஓரத்துல செக்கர் வெட்டினது எதுன்னு கண்ண மூடிக்கினு தடவிச் சொல்றேன்.”

நான் ஏறிய ஸ்டேஷனில் வெட்ட ஆளில்லை. அவருடையதில்தான் வெட்டு இருந்தது. இரண்டையும் வெகுநேரம் தடவிவிட்டு, என்னுடையதை நீட்டினார்.

“இதானே?”

“அதேதாண்ணே” என்று சட்டென்று வாங்கிப் பைக்குள் போட்டேன்.

கண் திறந்தவர், தன் கையில் மிஞ்சிய டிக்கெட்டின் வெட்டைப் பார்த்தார்.

“நல்ல மனசுப்பா உனுக்கு” என்றார்.

அன்றைக்கும் இறங்கிச் சாணைக்கல்லுக்குத்தான் போனார். அதற்குப் பிறகு அவர் டிக்கெட்டைத் தடவி நான் பார்த்ததில்லை.