மீசை எடுத்தவனுக்குச் சிவப்பு விளக்கு

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் கருவிகளில் பிழை பிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. கைபேசிக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, மூக்கை நிமிர்த்தி, "நான்தான், நான்தான்" என்று மன்றாடிய உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

கொடிகாமத்தில் காய்கறி தரம்பிரிக்கும் களஞ்சியம் ஒன்றின் வாசலில் எங்கள் கம்பனிக் கருவியைச் சோதனைக்குப் பூட்டியிருந்தோம். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு என்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 'தகுதியானது' என்று நான் கையெழுத்து வைத்தால் அது அங்கே நிரந்தரமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை நெற்றி

முதல் வெள்ளிக்கிழமையே வாசலில் சனம் குவிந்தது. கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமுமாக வந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு. கொழும்பிலிருந்து வந்திருந்த எங்கள் மனேஜர், "துடைச்சிட்டு வாங்கோ, சின்ன விசயம்தானே" என்றார். மூட்டை தூக்கும் கந்தையா அண்ணை அசையவில்லை.

"கோயிலுக்குள்ளை போகச் சேட்டைக் கழட்டு எண்டாங்கள், கழட்டினன். கத்தரிக்காய் தூக்கிறதுக்குத் திருநீற்றை அழிக்கமாட்டன்."

அக்காவின் பெயரில் தங்கச்சி

இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்தது. வெங்காயம் தரம்பிரிக்கும் பகுதியில் அக்காவும் தங்கையும் வேலை செய்தார்கள். வேலிச் சண்டையில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கை வந்து நின்றால், கருவி அக்காவின் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்தது. அன்றைய வரவும் அக்காவின் கணக்கில் ஏறியது. நான் தங்கைக்குச் சமாதானம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவளின்ரை முகத்திலை முழிக்கக்கூடாதெண்டு நான் வேற பாதையாலை வாறன். நீங்கள் அவளின்ரை முகத்தையே எனக்குத் தாறியளோ?"

கொள்ளி வைத்தவன்

சிவராசாவுக்கு நல்ல கொழுத்த மீசை. பதிவுப் படத்தில் முகத்தை விட மீசைதான் தெரியும். அவனுடைய தகப்பன் செத்துப்போனார். மூத்த மகன், தலையும் மீசையும் வழித்துக் கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வேலைக்கு வந்தால் சிவப்பு. மறுநாளும் சிவப்பு. வாசல் காவலாளி அவனோடு ஒன்றாய்ப் படித்தவன். ஆனால் கையால் திறக்க அவனுக்கு அனுமதி இல்லை. புதிதாய்ப் படம் எடுக்கக் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் சம்மதம் வேண்டுமாம். அதற்குள் சிவராசாவின் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மீசை வளருமட்டும் பொறுக்கச் சொல்லும்" என்று மனேஜர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கே கேட்டுவிட்டது.

"அப்பர் செத்ததை ஊரே அறியும். உந்தப் பெட்டிக்கு மட்டும் நான் மரண அத்தாட்சிப் பத்திரம் காட்டவேணுமோ?"

முதுகு காட்டிய காலை

கடைசி நாள் மனேஜர் அறிக்கையை நீட்டி, வாசலிலேயே கையெழுத்துக் கேட்டார். தொழிலாளர்களில் மூத்தவரான செல்வமணி அக்கா குறுக்கே வந்தார். "எங்கடை படங்கள் ஆரிட்டைப் போகுது?" "பாதுகாப்பாக் கிடக்கும்." "ஆரிட்டை எண்டு கேட்டனான்." மனேஜர் பேனையை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப இது தலையாட்டிதான்" என்றார் அக்கா. யுத்த காலத்துச் சுற்றிவளைப்புகளில் இராணுவத்தினர் முகம் மூடிய ஒருவனை இருத்தி, அவன் முன்னால் ஊரையே வரிசையாக நடத்துவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் போனதுதான். அக்காவின் தம்பி அப்படிப் போனவர். அக்கா கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். லொறியில் தக்காளி வெயில் காய்ந்தது.

நான் 'தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். "யோசிச்சுச் செய்யும், உம்மடை வேலையும் போகும்" என்றார் மனேஜர். யோசித்துத்தான் செய்தேன். தக்காளியைப் பார்த்த களஞ்சிய முதலாளி வயரைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் தன் கையாலேயே திறந்தார். அக்கா சிவராசாவை முன்னால் தள்ளினார்.

"நீ முதல் போ மோனை. கொப்பர் செத்ததை உது நம்பாட்டி என்ன, நாங்கள் நம்புறம்."

ஆளின் முகத்தைப் பார்த்து எடைபோடாதே என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அதையே அறிக்கையாக எழுதியதற்குத்தான் இப்போது நான் வேறு வேலை தேடுகிறேன்.