மெழுகிலிருந்து விடுதலை: ஸ்கீ கட்டைகளோடு செவிலிமேட்டில் ஒரு நாள்

முதலில் ஒரு வாக்குமூலம். சென்னையில் குடியிருந்துகொண்டு சொந்தமாக ஸ்கீ கட்டை வைத்திருக்கும் பைத்தியங்களில் நானும் ஒருவன். நாற்பத்தாறு வயதில், வடக்கே பனிமலையில் இருக்கும் ஔலிக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போனவன், சும்மா வராமல் அங்கே ஒருவரிடம் பழைய ஜோடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கும்போது மெழுகைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்கீயின் அடிப்பக்கம் பனியில் வழுக்க வேண்டுமென்றால் அதற்கு அடிக்கடி மெழுகு ஏற்ற வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, தேய்த்து, ஆறியதும் சுரண்டி, பிரஷ் போட வேண்டும். பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். இரண்டு நாள் கழித்து என் மனைவி வசந்தி அதே பெட்டியால் தன் கல்யாணப் பட்டுப்புடவையைத் தேய்த்தாள். கத்திரிப்பூ நிறப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மெழுகுக் கறை. "இனிமே இந்த வீட்டுக்குள்ள மெழுகு வரக்கூடாது. மெழுகு இல்லாம அது ஓடாதுன்னா வித்துடுங்க" என்றாள்.

அப்போதுதான் நிரந்தரப் பூச்சு என்று ஒன்று இருப்பதைப் படித்தேன். ஒரே முறை தடவினால் அடிப்பரப்புக்குள் ஊறி, வெயிலில் இறுகி, அங்கேயே தங்கிவிடுமாம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதில் இரண்டு குப்பிகள், ஒரு ஜோடிக்கு, ஒரு முறைக்குத்தான் மருந்து. சொதப்பினால் இன்னொரு பெட்டிக்கு வழியில்லை, கட்டைகளை விற்றுத் தொலைக்க வேண்டியதுதான்.

இறுகுவதற்கு மூன்று மணி நேரம் நல்ல வெயில் வேண்டும். எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்துக் கட்டட நிழலும்தான் உண்டு. என்னோடு முன்பு வேலை பார்த்த குமரேசன் காஞ்சிபுரம் செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறான். போனில் சொன்னேன். "நம்ம மாடில காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் வெயிலுதான். எடுத்துக்கினு வாப்பா" என்றான். போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

பூந்தமல்லியில் காலை 6.10க்குப் பேருந்து. கட்டைகளைப் பழைய போர்வையில் சுற்றியிருந்தேன். ஒவ்வொன்றும் ஐந்தரை அடி. நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே "இன்னா சார் இது?" என்று கேட்டார். பனியில் சறுக்குவது என்றேன். "காஞ்சிபுரத்துலயா?" என்றார், சிரிக்காமல். 7.50க்கு இறங்கினேன். பேருந்து நிலையத்திலிருந்து செவிலிமேடு நாலு கிலோமீட்டர்தான், ஆனால் டவுன் பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆட்டோவுக்கு 120 ரூபாய் ஆனது. ஆட்டோக்காரர் தறிச் சாமான் என்றே நினைத்துக்கொண்டு, கட்டைகளைப் பத்திரமாகச் சாய்த்துக் கட்டினார். நானும் திருத்தவில்லை.

இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மாடி ஏறினேன். அடிப்பரப்பை மெழுகு நீக்கும் திரவத்தால் முதல் நாளே இரண்டு முறை துடைத்திருந்தேன். கையுறை மாட்டி, பெட்டியைத் திறந்து, முதல் குப்பியின் மூடியில் கை வைத்துவிட்டேன். அந்த நேரம் குமரேசனின் மனைவி செல்வி துணி உலர்த்த மேலே வந்தார். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர், இப்போதும் தினமும் அங்கே தன் அண்ணனின் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறார்; அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

"அண்ணா, இதுல முன்னாடி மெழுகு போட்டிருந்தீங்க இல்ல?"

"துடைச்சாச்சும்மா, ரெண்டு தடவ."

"மேல தொடச்சீங்க. உள்ள பூந்தது? நாங்க பட்டு நூல வேக வெச்சி, பசையெல்லாம் போனப்பறம்தான் சாயத்துல போடுவோம். கொஞ்சம் பசை நின்னாலும் அந்த எடத்துல சாயம் ஏறாது, திட்டுத் திட்டா நிக்கும். அப்பறம் இன்னா பண்ணாலும் சரியா வராது."

எனக்குச் சுருக்கென்றது. பெட்டியோடு வந்த செய்முறைக் குறிப்பைப் பத்து முறை படித்தவன் நான். 'மெழுகு துளியும் இருக்கக்கூடாது' என்று அதிலும் போட்டிருந்தது, அதனால்தானே துடைத்தேன். குமரேசன் காபியை உறிஞ்சிக்கொண்டே "அவ சொன்னா கேட்டுக்கப்பா. கேக்காம நான் பட்டது போதும்" என்றான். அடிப்பக்கம் மேலே பார்க்க ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுப் பார்க்கச் சொன்னார் செல்வி. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போட்டேன்.

பத்தரைக்குப் போய்ப் பார்த்தால் கறுப்பு அடிப்பரப்பு முழுக்க வியர்த்திருந்தது. துணியை வைத்துத் துடைத்தேன், உள்ளே இருந்த மெழுகு மஞ்சளாக வந்தது. ஒன்பது மணிக்கே ஊற்றியிருந்தால் இருந்த ஒரே மருந்தும் மெழுகின் மேல் நின்று வீணாகியிருக்கும். செல்வி துவைத்த பருத்தித் துணி கொஞ்சம் கிழித்துக் கொடுத்தார். துடைப்பது, மறுபடி வெயிலில் வைப்பது, மறுபடி துடைப்பது என்று நாலு சுற்று போனது. 12.45க்குத் துணி வெள்ளையாகவே வந்தது. செல்வி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப போடுங்கண்ணா" என்றார்.

படிக்கட்டு நிழலில் வைத்து முதல் திரவத்தையும் அடுத்து இரண்டாவதையும் தடவி, ஒன்றேகாலுக்கு வெயிலுக்குக் கொண்டுவந்தேன். இரண்டரைக்குப் பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது. இருபது நிமிடம் நின்று என் உயிரை எடுத்துவிட்டுப் போனது. நாலே முக்காலுக்குத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஜனவரியில் ஔலியில் ஆறு நாள் சறுக்கினேன். ஒரு துளி மெழுகு போடவில்லை. சரிவு முடிகிற இடத்தில் ஒரு சமதளம் இருக்கிறது. முதல் முறை போனபோது மற்றவர்கள் வழுக்கிப் போக, நான் மட்டும் அங்கே கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தேன். இந்த முறை கடைசி வரை தானாகவே போனேன். அங்கிருந்தே செல்விக்கு போன் போட்டேன். "திட்டு இல்லாம ஏறிச்சாண்ணா?" என்று கேட்டார். ஏறிச்சும்மா என்றேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் மே வரை நல்ல வெயில் கிடைக்கும். சுத்தம் செய்வதற்கே அரை நாள் ஒதுக்குங்கள், துணி வெள்ளையாக வரும்வரை குப்பியைத் தொடாதீர்கள். அன்றன்றைய பனிக்கு ஏற்ற புது மெழுகின் வேகம் இதற்கு வராது, பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. வருடத்துக்கு ஒரு முறை போகும் என்னைப் போன்றவர்களுக்குத் தாராளம். நிரந்தரம் என்கிறார்களே, அதைப் பத்து வருடம் கழித்துச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் கோயில் பார்க்கவும் ஆசையிருந்தால், பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை உங்களுக்கு மாடியில் வேலை இருக்கும்.

ஔலியிலிருந்து திரும்பிய அன்று வசந்தி போர்வையைப் பிரித்து, கட்டையின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு முறை தடவினாள். விரலை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"மெழுகு?"

"இல்ல."

"அப்போ இருக்கட்டும், விக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, பீரோவுக்குப் பின்னால் அவளே இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.