வத்தல் கிட்டங்கியில் டெல்லிக் குளிர்

கோவில்பட்டிக் கடைகளில் குளிருக்குப் போடும் கோட்டு கேட்டால், கடைக்காரர் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார். வீட்டில் எல்லோரும் சுகம்தானே என்று விசாரிக்கிற பார்வை அது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பாவும் அம்மாவும் நானும் கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

எல்லாம் டெல்லியில் இருந்த அத்தையால் வந்தது. அரைப்பரீட்சை லீவுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். அப்பாவும் நானும் போவதாகப் பேச்சு. அம்மா வருவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பருத்தியில் களை மண்டிக் கிடந்தது, மாடு அப்போதுதான் கன்று போட்டிருந்தது. “மாட்ட யாரு பாப்பா?” என்று அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். ஆனால் நான் போவதா வேண்டாமா என்கிற தீர்ப்பு மட்டும் அவள் கையில் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. எங்கள் ஊர் மார்கழிப் பனிக்கே நெஞ்சுக்குள் பூனை கத்தும். டெல்லிக் குளிரைத் தாங்குகிற கோட்டு கிடைத்தால் பிள்ளை போகலாம், இல்லாவிட்டால் அப்பா மட்டும் போய்வரட்டும் என்று சொல்லிவிட்டாள். நானோ பள்ளிக்கூடத்தில், டெல்லிக்குப் போய்த் திரும்பி வந்தே விட்டவள்போலக் கதைகளையெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். கோட்டு கிடைக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெடிமேட் கடையில் இரண்டு கோட்டுகள் இருந்தன. கொடைக்கானல் போகிறவர்களுக்கென்று எப்போதோ வாங்கி, விலைபோகாமல் கிடந்தவை. ஒன்று சிவப்பு, மினுங்குகிற பொத்தான்களோடு என் அளவுக்கே இருந்தது. மற்றது பழுப்பு நிறம், கனமானது. போட்டால் என் கணுக்காலைத் தொட்டது.

“வளருத பிள்ள, மதினி. பெருசாவே எடுங்க. கலியாணம் வரைக்கும் கிடக்கும்” என்றார் கடைக்காரர்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு அல்ல. அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கு அழுகை முட்டியது. அம்மா இரண்டு கோட்டுகளையும் அமுக்கிப் பார்த்தாள், தையலை விலக்கிப் பார்த்தாள். பருத்தி வெள்ளாமைக்காரியை அத்தனை சுலபமாக ஏமாற்ற முடியாது. “உள்ள பஞ்சே இல்லயே. நூலாம்படையல்லா வச்சுத் தச்சிருக்கான்? இது எங்க குளிரு தாங்கும்?” என்றாள்.

தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த வெயிலில் வெறும் துண்டைப் போர்த்தினாலும் கதகதப்பாகத்தான் இருக்கும். அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் மிளகாய் வத்தலை விலை ஏறுகிறவரைக்கும் போட்டுவைக்க, ஊருக்கு வெளியே குளிரூட்டிய கிட்டங்கி ஒன்று இருந்தது. எங்கள் மூட்டைகளும் அங்கேதான் கிடந்தன. கோவில்பட்டியிலேயே குளிர் இருந்த இடம் அதுதான். தெரிந்த கடை என்பதால், பார்த்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு கோட்டுகளையும் கொடுத்தனுப்பினார்கள்.

முதலில் சிவப்புக் கோட்டோடு என்னை மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். என்ன ஆனாலும் நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் குளிர் வருவதற்கு முன்னால் நெடி வந்தது. தும்மல், அப்புறம் இருமல். அம்மா என்னை வெளியே இழுத்துப் பழுப்புக் கோட்டை மாட்டி மறுபடி உள்ளே விட்டாள். இருமல் இன்னும் பலமாக வந்தது.

“பாத்தீங்களா? இங்கனயே இந்தப் பாடு படுத்துது. டெல்லியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

நான் ஓவென்று அழுதேன். அழுகையும் இருமலும் சேர்ந்து வந்ததை, அம்மா தான் சொன்னதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். மூக்கில் துண்டைக் கட்டியிருந்த கிட்டங்கிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “மதினி, அண்ணாச்சியும்தான் இருமுதாவ. வத்தல் நெடிக்குக் கோட்டு என்ன செய்யும்?” என்றார். திரும்பிப் பார்த்தால், வாசலோடு நின்ற அப்பா கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் துண்டு என் மூக்குக்கு வந்தது. மறுபடி சிவப்புக் கோட்டு. இந்தத் தடவை துணைக்கு அம்மாவும் உள்ளே வந்தாள். வெறும் சேலையோடு நிற்க முடியாது என்று அப்பா பழுப்புக் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டார். என் கணுக்காலைத் தொட்ட கோட்டு அவளுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே, தைத்து வாங்கியதுபோல நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து என் கழுத்துப்பட்டிக்குள் கைவிட்டு முதுகைத் தடவிப் பார்த்தாள்.

“ஏட்டி, குளிருதா?”

“வேர்க்குதும்மா.”

“அப்பச் சரி. போய்ட்டு வா.”

எனக்கு டெல்லி கிடைத்துவிட்டது. வெளியே ஓட வேண்டியதுதான் பாக்கி. அம்மா வரவில்லை. கோட்டுப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு, மூட்டை வரிசைகளுக்கு நடுவே கடைசிவரை நடந்துபோனாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு வாயால் ஊதினாள். புகை வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள்.

“அங்கன ரோட்டுல நடந்தா இப்படித்தான் இருக்குமோ?”

“தெரியலம்மா. வா போவோம்” என்றேன். அவள் இன்னொரு தடவை நடந்தாள்.

வெளியே வந்ததும் பழுப்புக் கோட்டைக் கழற்றி, வேட்டி மடிப்பதுபோல நீவி நீவி மடித்தாள். “செவப்பே போதும். இத கடையில குடுத்துருங்க” என்றாள். டெல்லியில் எனக்கு இழுப்பு வரவில்லை. என் கோட்டில் ஏறியிருந்த நெடிக்கு அத்தை வீட்டார்தான் தும்மினார்கள்.

இப்போது நான் அதே டெல்லியில் வேலை பார்க்கிறேன். இந்த மார்கழிக்கு அம்மா வருகிறாள். மாட்டை யார் பார்ப்பது என்று போனில் கேட்டாள். அப்பா பார்த்துக்கொள்வாராம் என்றேன். பிறகு, அப்பாவுக்குப் பால் பீச்சவே வராது என்று சிரித்தாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நேற்று அம்மாவுக்குக் கோட்டு எடுக்கப் போனேன். கடையில் அளவு கேட்டார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன், பழுப்பு நிறம் வேண்டும் என்றேன். அன்றைக்குக் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டு, சிவப்புக் கோட்டைத்தான் எடுக்கப்போகிறோமே, பழுப்புக் கோட்டை அம்மா எதற்கு இவ்வளவு நேரம் சோதிக்கிறாள் என்று அலுத்துக்கொண்டிருந்தேன்.