மாட்டியது நான்

நோணாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வேனுக்கு அடியில் படுத்துக்கிடந்தபோதுதான் சேதி வந்தது. கை முழுக்க கிரீஸ். வேன்காரர் என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். பேசியவர் நாங்கள் வழக்கமாக உதிரிபாகம் வாங்கும் கடைக்காரர். "பிரகாசம், நம்ம அரியர் போயிட்டாருப்பா. பல்லு தேய்ச்சிக்கினு இருந்தவரு, நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. அவ்ளோதான்."

"யாரு?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. சாவுச் சேதியில்கூடவா அந்தப் பெயரைச் சொல்வார்கள் என்று கோபம் வந்தது. அவர் மறுபடியும் "அரியர்ப்பா, அரியர்" என்று சத்தமாகச் சொன்னார்.

உப்பளம் பகுதியில் அவன் வீட்டு வாசலில் அதற்குள் பேனர் கட்டிவிட்டார்கள். 'அரியர்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, இடம் இருந்ததால் போட்டதுபோல, அருளப்பன். இருபத்தாறு வருஷம் அவனும் நானும் ஒரே ஷெட்டில் கூட்டாக வேலை பார்த்தோம். அவன் என்றுதான் எழுதுகிறேன். அவர் என்று போட்டால் வேறு யாரையோ பற்றி எழுதுகிறமாதிரி இருக்கிறது. பந்தலில் நாலு பேர் அவனுக்கு அந்தப் பெயர் வந்த தேர்பவனிக் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஸ்தெல்லாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதே கதையைச் சொல்லிச் சிரித்தாள். நான் கைகழுவும் இடத்தில் போய் ரொம்ப நேரம் கை கழுவினேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவன் மகன் ஜெரோம் ஷெட்டுக்கு வந்தான். "சித்தப்பா, முப்பதாம் நாள் பூசைக்குள்ள கல்லறைக் கல்லு வச்சிடணும். அப்பா பேருக்கு மேல அரியர்னு வெட்டச் சொல்லியிருக்கேன். அந்தப் பேரைச் சொன்னாதானே ஊருக்குத் தெரியும்? நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும். அந்த ரிவர்ஸ் கதையை நல்லா எழுதுங்க." சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வசமாக மாட்டிக்கொண்டது உறைத்தது. கல்வெட்டுகிறவர் உளியை எடுப்பதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். ஜெரோம், எழுதிவிட்டேன். ஆனால் நீ கேட்ட கதை இது இல்லை.

முதலில் அருளப்பன் எப்படி வேலை செய்வான் என்று சொல்கிறேன். ஒருமுறை ஒரு கல்லூரி வாத்தியார் வேறு கம்பெனி வண்டியின் பிரேக் ஹோஸைக் கொண்டுவந்து, "நாலு மரை ஏறுது பாருங்க, நல்லா பொருந்துதே" என்றார். அருளப்பன் அதைக் கழற்றி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "பொருந்துது சார். ஆனா சரியில்ல." அவர் கோபித்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார். இவன் கவலைப்படவில்லை. இரும்பு விஷயத்தில் அப்படி ஒரு பிடிவாதம். அப்பேர்ப்பட்டவன் ஒரு வண்டியின் ஆக்சிலைத் தலைகீழாக மாட்டினான் என்று இந்த ஊர் இருபது வருஷமாக நம்புகிறதே, ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டாமா? உங்கள்மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

வண்டி, முசேயுடைய பழைய பிக்கப். முசே என்று நாங்கள் கூப்பிட்டது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தாவை, அதாவது பழைய சிப்பாய் ஒருவரை. கோயில் திருவிழாவில் மாதா தேருக்கு முன்னால் ஜெனரேட்டரும் மைக் செட்டும் அந்தப் பிக்கப்பில்தான் போகும். அந்த வருஷம் அதன் பின் ஆக்சிலில் பல்லெல்லாம் உடைந்துபோய்விட்டது. புதுசு கிடைக்காது. அதனால் ஓடாமல் கிடந்த ஒரு ஜீப்பை வாங்கி வந்து ஷெட்டில் நிறுத்தி, அதிலிருந்து ஆக்சில், டிரம், ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிக்கப்பில் ஏற்றினோம். ஒரே ஒரு சிக்கல். ஜீப்பில் ஸ்பிரிங் பட்டை ஆக்சிலுக்குக் கீழே உட்காரும், பிக்கப்பில் மேலே உட்காரும். ஜீப் ஆக்சிலின் அடியில் இருக்கும் இரும்புத் தாங்கிகளை வெட்டி எடுத்து மேல்பக்கம் வைத்து வெல்டு செய்ய வேண்டும். அரைநாள் வேலை.

இப்போது என்னைப் பற்றி. அப்போது நான் குடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் அதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்தெல்லா பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பம், எங்கள் மகளுக்கும் அந்தப் பாஸ்போர்ட்தான். எனக்குக் கிடையாது. அந்த வருஷம் ஒருநாள் ஸ்தெல்லா கத்தாமல், அழாமல், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னொரு தடவை உன் வாயில அந்த வாசனை வந்துச்சுன்னா, பாப்பாவை இட்டுக்கினு அண்ணன்கிட்ட ஃபிரான்சுக்குப் போயிடுவேன். பேப்பரெல்லாம் ரெடியா இருக்குது. நீ இங்க ஒண்டியா குடி." அவள் கத்தியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

திருவிழா அன்று மத்தியானம் அருளப்பன் பிரேக் லைனிங் ஒட்டிவரக் கிளம்பினான். "தாங்கியை வெட்டி வெல்டு வச்சிடு, நான் வந்ததும் ஆக்சிலை ஏத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிரித்துப்போட்ட ஜீப்பின் கதவுக்குள் நான் ஒரு குவார்ட்டரை ஒளித்து வைத்திருந்தேன். வெயில் ஒரு சாக்கு. எடுத்துக் குடித்தேன். குடித்ததும் எனக்கு அறிவு பொத்துக்கொண்டு வந்தது. தாங்கி கீழே இருக்கிறது, மேலே வேண்டும். எதற்கு வெட்ட வேண்டும்? ஆக்சிலையே கவிழ்த்துப் போட்டால் தாங்கி மேலே வந்துவிடுமே! செயின் பிளாக்கில் தூக்கி, கவிழ்த்து, ஏற்றி, போல்ட்டை முறுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அரைநாள் வேலையை ஒரு மணியில் முடித்த பெருமையில் ஏலக்காய் மென்றுகொண்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

அவன் வந்ததும் மூக்கை உறிஞ்சினான். "இன்னாடா, வெல்டிங் வாசனையே காணோம்?" காற்றில் போயிருக்கும் என்றேன். அவன் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நேரம் ஆகிவிட்டது என்பது ஒரு காரணம். நான் முடித்துவிட்டேன் என்று சொன்னது இன்னொரு காரணம். இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. லைனிங்கை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைக் கையாலேயே தள்ளிச் சந்தில் நிறுத்தி, ஜெனரேட்டரை ஏற்றினோம். பின்னால் ஷெட் வாசலை அடைத்துக்கொண்டு ஜீப்பின் வெறும் கூடு. இரண்டு பக்கமும் சுவர். முன்னால் தெருவில் மெழுகுவத்தியோடு சனம். கோயில் வாசலில் சாமியார் காத்திருக்கிறார், மாதாவுக்கு ஜோடனை முடிந்துவிட்டது.

அருளப்பன் ஸ்டார்ட் செய்து முதல் கியரைப் போட்டான். வண்டி விருட்டென்று பின்னால் வந்து ஜீப் கூட்டில் மோதியது. சனம் 'ஐயோ' என்றது. இரண்டாவது கியர் போட்டான். மறுபடியும் மோதல். ஆக்சில் கவிழ்ந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது எனக்கு அந்த இரண்டாவது மோதலில்தான் மண்டையில் ஏறியது. வண்டி பின்னால் போக வழியில்லை, முன்னால் போகத் தெரியவில்லை. சந்தே மாட்டிக்கொண்டது.

அவன் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்தான். நானும் பக்கத்தில் குனிந்தேன். அடியில் இருக்கவேண்டிய ஆயில் நட்டு மேலே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். முகத்துக்கு முகம் ஒரு முழம்கூட இல்லை. ஏலக்காய்க்குப் பின்னால் இருந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் தெருவில் ஸ்தெல்லாவின் சேலைக்கரையும் அதை ஒட்டி மகளின் வெள்ளைக் கவுனும் தெரிந்தன. அவனும் பார்த்தான். ரொம்ப மெதுவாகச் சொன்னான். "வாயை மூடிக்கினு இரு. மூச்சுகூட விடாத."

எழுந்து நின்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினான். "ஆக்சிலைத் தலைகீழா மாட்டிட்டேன்பா! மடையன், நானேதான்! பிரகாசம் சொன்னான், நான்தான் கேக்கல!" தெருவே சிரித்தது. ஸ்தெல்லா, "இன்னாண்ணே, நீங்க போயா இப்படி!" என்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டான். வண்டி நல்ல பிள்ளையாக முன்னால் நகர்ந்தது. கூடவே, ரிவர்ஸ் போட்டால் அலறும் ஹாரனும் கீ... கீ... என்று ஆரம்பித்தது. முசே தன் கைத்தடியைத் தூக்கி, "மார்ஷ் அரியேர்! மார்ஷ் அரியேர்!" என்று குதித்தார். பிரெஞ்சில் ரிவர்ஸ் கியருக்கு அதுதான் பெயர். ஹாரன் வயரைப் பிடுங்குவதற்குள் முதல் தெரு முழுக்க 'அருள் நிறைந்த மரியே'வுக்கு நடுவில் கீ... கீ... கேட்டுக்கொண்டே போனது. மாதா தேர் அந்த வருஷம் ரிவர்ஸ் கியருக்குப் பின்னால்தான் ஊர் சுற்றிவந்தது. சாமியாரே சிரித்துவிட்டார்.

மறுநாள் அவனே தாங்கியை வெட்டி, வெல்டு வைத்து, ஆக்சிலை நிமிர்த்தி மாட்டினான். என்னைத் திட்டவில்லை. "பொருந்துச்சுன்னு மாட்டிட்ட, இல்ல?" என்றான். அவ்வளவுதான். நான் அன்றைக்கே திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். அப்புறமும் இரண்டு தடவை குடித்தேன். பிறகு இல்லை.

முசே சொன்னது இளவட்டங்கள் வாயில் புகுந்து அரியர் ஆனது. வெளியூர்க்காரர்கள், "அண்ணனுக்கு எத்தனை பேப்பர் அரியர்?" என்று கேட்பார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு ஏது பேப்பர்! அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவன் பெயரைச் சொன்னபோது, "அந்த ரிவர்ஸ் ஆளா? குழந்தைங்க போற வண்டிங்க, வேணாம்" என்றார்கள். அன்று அவன் சிரிக்கவில்லை. ஜெரோம், நீ ஆறாவது படிக்கும்போது 'அரியர் பிள்ளை' என்று சொன்னவனை அடித்துவிட்டுச் சட்டை கிழிந்து ஷெட்டுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? நீ போனபிறகு நான் அவனிடம், "போதும், நான் உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன். அவன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "சொல்லு. ஸ்தெல்லா போயிடும், பாப்பா போயிடும். எனக்கு இன்னா, ஒரு பேருதானே? கூப்ட்டா திரும்பிப் பார்க்கப்போறேன்."

என் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு மறுபடியும் கேட்டேன். "இப்ப சொன்னா, இத்தினி வருஷம் நான் பொய் சொன்னேன்னு ஆவும். முசேகிட்ட யாரு போய் சொல்றது, அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. வுடுப்பா, பேரு தோலோட ஒட்டிக்கிச்சு" என்றான். மாட்டியது நான். மாட்டிக்கொண்டது அவன். அதற்குள்ளேயே இருக்கப் பழகிவிட்டான், நானும் அவனை அங்கேயே விட்டுவைத்தேன். சௌகரியமாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்றபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் அம்மா "அருளப்பன்" என்று கூப்பிட்டார். இவன் அசையவில்லை. "அருளப்பன்... அருளப்பன் யாருங்க?" இவனும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிமுற்றிப் பார்க்கிறான். நான் தொடையில் தட்டியதும் திடுக்கிட்டு எழுந்து, "அட, நான்தான்" என்று சிரித்தான். அவன் அம்மா அப்பா வைத்த பெயரை அவனிடமிருந்தே பிடுங்கிவிட்டேன்.

ஸ்தெல்லா, இதை நீயும் மற்றவர்களோடு கோயில் பெஞ்சில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று இருந்தேன். மனசு கேட்கவில்லை. எழுதி முடித்ததும் உன் கையில்தான் முதலில் கொடுக்கப்போகிறேன். பாஸ்போர்ட்டை நீ விடாமல் புதுப்பித்துக்கொண்டே வருகிறாய், அலமாரியில் எந்தத் தட்டில் வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். மகள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். நீ போவதாக இருந்தால் நான் தடுக்கமாட்டேன். பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தில் அடக்கிய மூச்சை இருபது வருஷம் கழித்து இப்போதுதான் விடுகிறேன்.

ஜெரோம், கல்லில் அருளப்பன் என்று மட்டும் வெட்டச் சொல். மேலே ஒன்றும் வேண்டாம். அவனுடைய ஸ்பேனர் பெட்டியை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னாய். அது உன்னிடமே இருக்கட்டும். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பெயரை மட்டும்தான். அது அவனுக்குப் பொருந்தியது, ஆனால் சரியில்லை. என்னுடையது அது.

அவனைத் தெரிந்த உங்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உப்பளம் பக்கம் என்னைப் பார்த்தால் அரியர் என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.