துடுப்புப் பிடிக்க ஏற்காடு போனேன்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் என் மனைவி லட்சுமியும் பெங்களூர் மெஜஸ்டிக்கில் சேலம் பேருந்து ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஸ்வெட்டரும் கேமராவும் கொண்டுபோவார்கள். எங்கள் பையில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டியைக் கிழித்த துணிச் சுருளும் இருந்தன. உள்ளங்கை கொப்பளிக்கும் என்று தெரிந்தே கிளம்பினேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஜோகுபாளையத்தில் இருக்கிறேன். நான்காம் வகுப்பு வரை படித்தவன். அல்சூர் ஏரியில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மோட்டார் படகில் ஏற்றித் தீவுகளைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. படகின் பின்கோடியில், இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காருவேன். பயணிகள் ஆறு பேரும் எனக்கு முதுகைக் காட்டி முன்னால் பார்த்து உட்காருவார்கள். இஞ்சின் போடும் சத்தத்தில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்க முடியாது. அது எனக்கு வசதி. தெரியாதவர் முகத்தை நேராகப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பெண் பார்க்கப் போன அன்று நான் காபி டம்ளரை மட்டும்தான் பார்த்தேன் என்று லட்சுமி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லுவாள்.

பெட்ரோல் விலை ஏற ஏற நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஆறு பேர் சேரும் வரை படகை எடுக்காமல் காத்திருந்தேன். காற்று கரைப்பக்கம் அடித்தால், தீவைத் தாண்டியதும் இஞ்சினை நிறுத்தி, படகை மிதந்தே வரவிட்டேன். "மோட்டாருக்குத்தானே துட்டு குடுத்தோம், ஏன் ஆஃப் பண்ணே?" என்று பயணிகள் சண்டைக்கு வந்தார்கள். குத்தகைக்காரர் ராஜண்ணா டிக்கெட் விலையை ஏற்றினார். கூட்டம் குறைந்தது. பெட்ரோல் லிட்டர் முப்பது ரூபாயைத் தொடப்போகிறது என்று பேச்சு வந்த வாரம், அவர் என்னைக் கூப்பிட்டார். ராஜண்ணா படகுத்துறையில் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அவர் யாரைப் பார்க்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

"சாக்கப்பா முனுசாமி, போதும். இந்த இஞ்சின் சகவாசமே வேணாம். குடிக்கிறதுல எங்க மாமனாரையே தாண்டிடுச்சு. கழட்டி வித்துடறேன். இனிமே துடுப்புப் படகுதான்."

"அப்ப நானு?"

"உனக்குத் துடுப்பு வருமா? ஸ்ரீராம்புரத்துல ஒருத்தன் இருக்கான். கடல்லயே போட்டவன். நாளைக்கே வரேங்கறான்."

இருபது வருடமாக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். நாற்பத்தேழு வயதில் வேறு எங்கே போய் நிற்பது? "ஒரு வாரம் குடுண்ணா, கத்துக்கினு வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. துடுப்பு போடுகிறவன் பின்கோடியில் ஒளிந்துகொள்ள முடியாது. படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி, பயணிகளுக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார வேண்டும். சத்தம் போட இஞ்சினும் இருக்காது.

லட்சுமியின் தம்பி குமரேசன் ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டுகிறான். அவனிடம்தான் போனோம்.

ஓசூரில் டீ இரண்டு ரூபாய். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு நீண்ட இறக்கத்தில் ஓட்டுநர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இரைச்சல் அடங்கி வண்டி தானாக உருண்டது. எனக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். முன்சீட்டில் இருந்த லட்சுமியும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாண்ணே, நீங்களும் எண்ணெய மிச்சம் புடிக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரரும் ஏரியில இதத்தான் பண்றாரு."

"லிட்டருக்கு எவ்ளோ தூரம் ஓட்டுனேன்னு மொதலாளி தெனம் கேக்கறாரும்மா. ஏரியில பஸ் ஓட்டறாரா உங்க வீட்டுக்காரரு?"

பேருந்தே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சேலத்தில் மதியம் இறங்கி வண்டி மாறினோம். அங்கிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண்ணைக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். பத்தாவது வளைவுக்கு மேல் காது அடைத்தது, காற்று குளிர்ந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்க, நிழலில் காப்பிச் செடிகள் நின்றன. ஏரி ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. எங்கள் ஏரியில் பாதிகூட இல்லை. ஆனால் தண்ணீரில் நாற்றம் இல்லை, ஆகாயத்தாமரை இல்லை. மூச்சை இழுத்துவிட்டதும் இங்கே படகு விடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை, படகுத்துறை திறக்கும் முன்பே குமரேசன் ஒரு படகை அவிழ்த்தான். பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. லட்சுமியைப் பயணியாக எதிரே உட்காரவைத்தான். அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் துடுப்பு இரண்டையும் பிடித்து இழுத்தேன். படகு ஒரே இடத்தில் வட்டம் அடித்தது. எங்கே போகிறேன் என்று தெரியாமல், இழுப்புக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"மாமா, கழுத்து சுளுக்கிக்கப் போவுதுங்க. எதுக்கு சும்மா சும்மா திரும்பறீங்க?"

"போற வழி தெரிய வாணாமா?"

"அதான் எதுத்தாப்பல எழுதியிருக்குதே. அக்கா மூஞ்சியப் பாருங்க."

"இருவத்திரெண்டு வருசமா பாத்துக்கினுதான் கீறேன்."

"எங்க பாத்தாரு? டம்ளரத்தான் பாத்தாரு" என்றாள் லட்சுமி.

"அக்கா, நீ கொஞ்ச நேரம் வாயத் தொறக்கக் கூடாது. மாமா, நல்லாக் கேட்டுக்குங்க. உங்களுக்குப் பின்னால இருக்கறதெல்லாம் அவங்களுக்கு முன்னால. ஏதாச்சும் குறுக்க வந்தா அவங்க கண்ணு தன்னால அங்க போயிரும். உங்க வலது தோளுக்கு மேல போச்சா, வலது கைய அழுத்திப் போடுங்க. இடது தோளா, இடது கை. அவ்ளோதாங்க."

நம்பவில்லை. ஆனால் செய்து பார்த்தேன். லட்சுமி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் பார்த்தாள். சட்டென்று அவள் கண் என் வலது தோளுக்கு மேல் ஓடியது. வலது கையை இழுத்தேன். இன்னொரு படகின் கயிறும் மிதவையும் ஓரமாக நழுவிப் போயின. அவள் முகம் தளர்ந்தது. அவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம் இருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு உள்ளங்கையும் கொப்பளமாகிவிட்டன. எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் போட்டேன். இருட்டும் வரை விடவில்லை. "உங்களுக்கு இவ்ளோ வீம்பு இருக்கறது எனக்கே தெரியாது" என்றாள் லட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். பதினொரு மணிக்கு குமரேசன் ஒரு புதுமணத் தம்பதியை என் படகில் ஏற்றி, கரையிலேயே நின்றுகொண்டான். ஈரோட்டுக்காரர்கள். மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். அவர்களோ ஒருவரை ஒருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஏரி இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணின் கண் புருஷனின் மீசையை விட்டு நகரவில்லை. நான் நேராகப் போய்க் கரையோரப் புதரில் படகைச் சொருகினேன். பெண் வீலென்று கத்தி, அப்புறம் சிரித்தாள். "புதுசுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நான் துடுப்பால் புதரைத் தள்ளிப் படகைப் பின்னுக்கு எடுத்தேன்.

குமரேசன் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

"முன்னால பாக்காதவங்களும் வருவாங்க மாமா. அப்ப வாயத் தொறந்து கேட்டுரணும். 'கொஞ்சம் முன்னால பாருங்க'ன்னு ஒரு வார்த்த. காசா பணமா?"

அன்று இன்னும் ஐந்து சவாரி போனேன். எங்கும் இடிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. அதிர்ஷ்டத்துக்கு எல்லோரும் தாமாகவே முன்னால் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மலையிறங்கினோம். குமரேசன் ஒரு பை கமலாப்பழம் கொடுத்துவிட்டான். வளைவுகளில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். எதிரே லாரி வந்தால், அது என் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் புருவம் சொல்லிவிடும். அடிவாரம் வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. 'கொஞ்சம் முன்னால பாருங்க' என்பதையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அல்சூர் ஏரி. ஏற்காட்டிலிருந்து வந்த மூக்குக்கு நாற்றம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்தது. காற்று மாறினால் திட்டும் இடம் மாறும். நேற்று இருந்த வழி இன்று இருக்காது. அங்கே ஏரி சின்னது, தெளிவானது. இங்கே பெரியது, கலங்கியது. ஆனால் இருபது வருடமாக எனக்குச் சோறு போட்டது இதுதான்.

துடுப்பு மாட்டிய படகு துறையில் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒருவன் கை கட்டி நின்றான். ஸ்ரீராம்புரத்துக்காரன்தான்.

"முதல் சவாரி நானே வரேன்" என்று ராஜண்ணா எனக்கு எதிரே ஏறி உட்கார்ந்தார். "தீவு சுத்தி வா. இடிச்சேன்னா இவன்தான். சரியா?"

துடுப்பைப் போட்டேன். படகு நேராக நகர்ந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் நானே இரண்டாகத் தெரிந்தேன். கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. உதடு அசையவில்லை, புருவம் அசையவில்லை. ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்க்கலாம். திரும்பினால் கை தவறிப் படகு சுற்றும் என்பது இந்த நான்கு நாளில் படித்த பாடம்.

கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, கண்ணாடியக் கழட்டு."

இறக்கத்தில் நியூட்ரலில் உருண்ட பேருந்து மாதிரி அவ்வளவு அமைதி. என் குரல் ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏனப்பா?"

"உன் கண்ணப் பாத்துத்தான் நான் படகு உடணும். கழட்டுண்ணா."

அவர் கழற்றினார். இத்தனை வருடத்தில் அந்தக் கண்களை நான் பார்த்ததில்லை. சின்னக் கண்கள், ஓரத்தில் சுருக்கம், கொஞ்சம் பயந்த கண்கள். ராஜண்ணாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதற்குத்தான் கண்ணாடி போலிருக்கிறது.

அவை சட்டென்று என் இடது தோளுக்கு மேல் ஓடின. இடது கையை அழுத்திப் போட்டேன். ஆகாயத்தாமரைத் திட்டு அவர் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் நழுவிப் பின்னால் போனது.

அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கரையைப் பார்த்து, "லே, நீ மனைக்கு ஹோகப்பா, வீட்டுக்குப் போ" என்று அந்த ஸ்ரீராம்புரத்துக்காரனிடம் கத்திவிட்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே கவனமாக முன்னால் பார்க்க ஆரம்பித்தார்.